விலாவில் வைத்த கை

தெருக்கூத்தில் நடிகனே பாடவேண்டும். புஜக்கட்டையோடு கிறிக்கி சுற்றி நின்ற மறுகணம் விருத்தம். இரைத்தால் நிற்பது துரியோதனன் அல்ல. 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களும் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றார்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பையனின் விலாவில் கைவைத்து, 'மூச்சு இங்கே வரட்டும்' என்றேன். வந்தது. குரலும் திறந்தது. கையை எடுத்ததும் இரண்டும் போய்விட்டன. உடம்பை உணரச் செய்கிறேன் என்று நான் நம்பியது, கீழ்ப்படியச் செய்ததுதானோ? தொடாமல் விளக்கினாலோ, வார்த்தைதான் பாடுகிறது. (நம் விமர்சகர்களுக்கும் இந்த வியாதி உண்டு.) கூத்து வாத்தியார் பையனைப் பின்பாட்டில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். எனக்கு அந்தப் பொறுமையில்லை, கை முந்திக்கொள்கிறது.

மறுநாள் அவன் கையையே அவன் விலாவில் வைக்கச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மத்தளக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.