யார் அனுசரிப்பது?

போன மாசம் எங்க ஆபீசில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டை கட்டின பையன் ஒருத்தன் வந்து 'கல்ச்சுரல் இன்டெலிஜென்ஸ்' பற்றி இரண்டு மணிநேரம் பேசினான். பண்பாட்டு நுண்ணறிவாம். புது இடத்துக்குப் போனால் அங்கே இருக்கிறவங்க எப்படிப் பேசுறாங்க, எப்படிச் சாப்பிடுறாங்க, எதுக்கு முகஞ்சுளிக்கிறாங்கன்னு கவனிக்கணும். அதுக்குத் தகுந்தாப்போல நம்மை மாத்திக்கணும். எர்லி, ஆங் என்று இரண்டு பேராசிரியர்கள் 2003-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க ஆயாவுக்குத் தெரியாத நுண்ணறிவா? பண்ணை வீட்டுக்கு எந்தப் பக்கமாகப் போகணும், எவ்வளவு தள்ளி நிற்கணும், அந்தம்மா குரல் ஏறினால் என்ன பதில் சொல்லணும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கையெழுத்துப் போடத் தெரியாதவள். இதில் ஒன்று பிசகினால் அன்றைக்குக் கூலி இல்லை. அதை யாரும் அறிவு என்று சொல்லவில்லை. பணிவு என்றார்கள்.

நான் இரண்டு இடத்தில் அனுசரித்தவள். ஒன்று ஆபீஸ், இன்னொன்று புகுந்த வீடு.

1993-இல் வேலையில் சேர்ந்தேன். ஃபைலில் குறிப்பு எழுதுவது, தபால் பதிவது, மேலதிகாரியிடம் பேசுவது எல்லாவற்றையும் ஆசையாகத்தான் கற்றேன். அதில் எனக்குக் குறை இல்லை. கூடவே வேறொன்றையும் கற்றேன். முதலில் டிபன் பாக்ஸிலிருந்து கறி போச்சு. அப்புறம் கருவாடு. கடைசியில் தினமும் தயிர்சோறு. 'வந்துகினு' 'வந்துட்டு' ஆச்சு. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. முகங்கள் சொல்லிக் கொடுத்தன.

1996-இல் கல்யாணம். காதல் கல்யாணம்தான். அவர் வீடு சாதி இந்து வீடு. அத்தை கெட்டவங்க இல்ல. என்னை ஒரு சொல் அதட்டினதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாங்க: "அக்கம்பக்கத்துல விசாரிச்சா ஊர்ப் பேரை மட்டும் சொல்லும்மா. தெருப் பேரு வேணாம்." இவ்வளவுதானே என்று நினைத்தேன். ஊர்ப் பேரோடு விடுவார்களா? "எந்தத் தெரு?" என்றார்கள். பெருமாள் கோயில் தெரு என்றேன். அந்தத் தெருவுக்குள் நாங்கள் செருப்புப் போட்டு நடந்ததில்லை.

ஒருநாள் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். கையில் துணிப்பை. பையில் எனக்குப் பிடிக்குமேன்னு உப்புக்கண்டம். அப்போ கூடத்தில் பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தாங்க. "யாரும்மா இது?" என்று கேட்டார்கள். "எங்க ஊருக்காரங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா, ஊருதான். இந்தப் பக்கம் வந்தேன், பாப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆயாவின் அறிவு அவளுக்கும் இருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள். 2009-இல் செத்தும் போனாள். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை பேசவில்லை.

1917-இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போன அம்பேத்கருக்கு ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். அத்தனை படிப்புக்கும் பெயரை மறைத்தால்தான் ஓர் அறை. ஆனால் ஒன்று: அந்தப் பொய்யை அவர் மூடி வைக்கவில்லை. பின்னாளில் தன் கையாலேயே எழுதி வைத்தார். நான் முப்பது வருஷம் மூடி வைத்தேன்.

எல்லாரும்தானே அனுசரிக்கிறாங்க என்று கேட்பீர்கள். உண்மைதான். எங்க ஆபீஸ் மேலதிகாரி ஒருவர் டெல்லிக்கு மாற்றலாகிப் போய், சப்பாத்தி தின்னப் பழகினார்; இந்தி கற்றார். திரும்பி வந்து அதைத் தமாஷாகச் சொல்வார். அங்கே அவர் தன் அப்பா பேரை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொந்தப் பேரோடு போய்க் கற்றுக்கொள்வது படிப்பு. பேரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கற்றுக்கொள்வது வேறு. இன்னொன்றும் கேட்கணும்: எதிர்ப்பக்கம் என்ன கற்றுக்கொண்டது? அந்த வீட்டுக் குழம்பு எனக்குக் கைவந்துவிட்டது. எங்க அம்மா எதைச் சமைப்பாள் என்று அந்த வீட்டில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு பக்கம் மட்டுமே வளைந்தால் அதற்கு அனுசரிப்பு என்று பேர் வைக்கலாமா?

இப்போ என் மகனுக்குக் கல்யாணம். பெண் ஒடிசாக்காரி, அவன்கூட வேலை பார்க்கிறவள். "நம்ம வீட்டு வழக்கத்தையெல்லாம் அந்தப் பொண்ணைக் கத்துக்கச் சொல்லுடா" என்று போனவாரம் சொன்னேன். சொன்ன வாயை உடனே மூடினேன். நம்ம வீட்டு வழக்கமா? எது? நான் அத்தையின் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்கே நான் பிறந்த தெரு தெரியாது. ஒருதடவைகூட அவனை அங்கே கூட்டிப்போனதில்லை. அந்தப் பெண் வரட்டும். அவள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று நான் முதலில் கேட்பேன். பிறகு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவேன். பெருமாள் கோயில் தெருவைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக நடந்து, எங்க தெருவுக்கு. அங்கே யாராவது "யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டால் அம்மா பேரைச் சொல்வேன்.