மலையின் வருவாய் யாருக்கு உரியது?

ஒரு தலத்தின் புனிதத்தை வருவாய்க்கான வாய்ப்பாகக் கருதி முதலீடு செய்வது சமய நெறிக்கு ஏற்குமா என்னும் கேள்வி, திருவண்ணாமலையில் இன்று தவிர்க்க இயலாததாகிவிட்டது. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில்துறைத் தகுதி அளித்ததோடு, ஆன்மிகச் சுற்றுலாவையும் முதலீட்டுக்குரிய பிரிவுகளுள் ஒன்றாகக் கொண்டது. பௌர்ணமிதோறும் ஆந்திரம், தெலங்கானா வரையிலிருந்து திரளும் அடியார்களை நம்பி விடுதிகளும் உணவகங்களும் வீட்டுமனைகளும் பெருகியுள்ளன. பிரமனும் திருமாலும் அடிமுடி காணமாட்டாத சோதியே மலையாய் நின்றது என்று புராணம் கூறும் ஊரில், அம்மலை தெரியும் அறை என்பதே விடுதிக்கு விளம்பரமாகிறது.

சைவ மரபு பொருளை வெறுத்து ஒதுக்கியதில்லை என்பதை இங்கு முதலில் கருத வேண்டும். 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூரை அடைந்த, பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்ட இளைஞர், கையில் எஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தார் என்று அவர் வரலாறு கூறும். ஆயினும் அது துறவியின் வழி. இல்லறத்தார்க்கு மரபு காட்டிய வழி கொடை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாக இடம்பெறும் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் ஏற்பாடு இதனை நுட்பமாக விளக்குகிறது. கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாளர் அளிப்பார். அவற்றைப் பெற்ற இடையர், இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெருக்கம் அவர் பிழைப்புக்கு உதவியது. அழியா முதல், அதன் விளைவு, உழைப்பவர் பங்கு ஆகிய மூன்றும் இவ்வேற்பாட்டில் உள்ளன. முதல் போட்டவருக்குத் திரும்பி வரும் இலாபம் மட்டும் இல்லை. கல்லில் பொறித்த பெயரும் புண்ணியமுமே அவர் பெற்றவை.

இன்றைய முதலீட்டில் இந்த ஓட்டம் திசை மாறுகிறது. விளைவு முதலிட்டவரிடமே திரும்புகிறது. வணிகத்தில் அது குற்றமாகாது. ஆனால் விளைவு எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் சமயக் கேள்வி அடங்கியுள்ளது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய உயிர் அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழும் என்று வகுக்கிறது. இந்நெறிப்படி, சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு மலையை வலம்வந்து, இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரையுள்ள எண்திசை லிங்கங்களை வணங்கிச் செல்பவர் தொழுதற்குரியவர். அவருக்கு நீரும் நிழலும் சோறும் தருவது வழிபாடே. சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் எழுந்தது இக்கருத்தின்மீதுதான். அடியாரை வாடிக்கையாளர் என்று மட்டும் காணப் பழகிய ஊர், கோபுரங்களை எவ்வளவு பொலிவாக வைத்திருந்தாலும், தன் சித்தாந்தத்தில் பாதியை இழந்துவிடுகிறது.

மறுபாதி மலையைப் பற்றியது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, சிறுவர்கள் உட்பட ஏழு பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று வந்த கார்த்திகைத் தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி அளிக்கப்படவில்லை. தலைமுறைகளாக மகாதீபம் ஏற்றும் உரிமையுடைய பர்வதராஜ குலத்தார் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் உச்சிக்குச் சேர்க்க, மாலையில் கொடிமரத்தின் முன் அர்த்தநாரீசுவரர் தோன்றிய கணத்தில் தீபம் ஏற்றப்பட்டது. மற்றவர்கள் அதைக் கீழிருந்தே தொழுதனர். மலையையே லிங்கமாக வணங்கும் ஊரில், சரிவை வெட்டி வீடு கட்டுவது கருவறையை இடிப்பதற்கு நிகரானது என்பதை இனியும் உவமையாக மட்டும் கொள்வதற்கில்லை. பிலிப்பைன்சின் அக்லான் மாகாணத்திலுள்ள போராகாய் தீவு, கழிவுநீர் கடலில் கலந்து மாசுற்றபோது, 2018ஆம் ஆண்டில் ஆறு மாதம் பயணிகளுக்கு மூடப்பட்டுச் சீர் செய்யப்பட்டது. கடற்கரைக்கு அவ்வாறு ஓய்வு தரலாம்; திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியும் கார்த்திகையும் தவறாமல் வரும், அடியார்களும் வருவார்கள்.

ஆகவே இங்கு முதலீடு வேண்டாம் என்பது பொருந்தாது. வலம் வருவோருக்கு இரவில் தலைசாய்க்க மண்டபம், பெண்களுக்குத் தூய கழிப்பறை, கழிவுநீர் குளங்களில் கலக்காத வடிகால் ஆகியவற்றுக்குப் பெரும் பொருள் தேவைப்படுகிறது. ஒரு பூசைக்கோ விழாவுக்கோ நிலையான முதல் வைத்து அதன் விளைவை ஒதுக்கும் கட்டளை என்னும் முறை கோயில்களில் இன்றும் வழங்குவதால், விடுதி கட்டி வருவாய் ஈட்டுவோர் அதில் ஒரு பங்கைக் கிரிவலப் பாதைக்கென்று அவ்வாறே எழுதி வைக்கலாம். அதற்கும் முன்னதாக, மலைச்சரிவிலும் நீர்நிலைக் கரைகளிலும் எக்கட்டுமானமும் எழாத எல்லையை அரசும் கோயில் நிருவாகமும் சேர்ந்து வரைந்தாக வேண்டும்.