பார்க்கப் போவதும் பங்கெடுக்கப் போவதும்

நம் இளைஞர் இயக்கத்துத் தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “அண்ணே, மங்கோலியாவுல துருவ மான் மேய்க்கிற நாடோடிங்க இருக்காங்களாமே, காசு சேர்த்து ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?” போகலாம், அதில் என்ன தப்பு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் இன்னொருவருடைய பிழைப்பை வேடிக்கை பார்ப்பதற்காகவே பயணம் போவது தர்மமா? இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தம்பி சொன்னவர்கள் துக்கா மக்கள். மங்கோலியாவின் வடக்கே, கூவ்ஸ்கோல் மாநிலத்து மலைக்காட்டில் வாழ்கிறார்கள். மொத்தமே சில நூறு பேர்தான். துருவ மானின் பாலைக் குடிக்கிறார்கள், அதன் மேல் ஏறிப் போகிறார்கள். அந்த மானுக்குக் குளிர் வேண்டும், தின்பதற்குக் கல்பாசி வகைகள் வேண்டும். அவை எங்கே இருக்கின்றனவோ அங்கே கூடாரமும் நகரும். ஆனால் அவ்வளவு தூரம் குதிரை ஏறிப் போக எல்லாச் சுற்றுப்பயணிகளாலும் முடிவதில்லை. அதனால் சில குடும்பங்கள் கோடையில் மான்களைக் கூவ்ஸ்கோல் ஏரிக்கரைக்கு இறக்கிக் கொண்டு வருகின்றன. படம் எடுக்கிறவர்களிடம் காசு கிடைக்கும். மானுக்கோ அங்கே வெக்கை. சரியான தீனியும் இல்லை. மானுக்காக மனிதன் நடந்தது போய், நம் கேமராவுக்காக மான் நடக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மங்கோலியா வரைக்கும் போக வேண்டாம். தமிழ்நாட்டில் நம் ஆட்களே இப்படி நடந்து மேய்க்கிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தையோடு தஞ்சை, திருவாரூர் வரை போவார்கள். பகலில் தாள் மேயும் ஆடுகளை இரவில் வயலிலேயே கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்கு விவசாயி பணமோ நெல்லோ கொடுப்பார். மண்ணுக்கு உரம், ஆட்டுக்குத் தீனி, கீதாரிக்குக் கூலி என்று எல்லாரும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஏதோ ஒன்றைப் பெறுகிறார்கள்.

ஒரு மாசி மாதம் மன்னார்குடிப் பக்கத்தில் அப்படி ஒரு கிடையைப் பார்க்கப் போனேன். பெரியவர் ஒருவர், “மலேசியாவா தம்பி? எங்க பக்கத்து ஆளுங்க அங்க நெறைய போனாங்களே” என்றார். பிறகு, “சும்மாதான நிக்கிறீங்க, இந்தக் குட்டியக் கொஞ்சம் புடிங்க” என்று ஓர் ஆட்டுக்குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வலை கட்டப் போனார். அந்த நிமிடம் வரை நான் வேடிக்கை பார்க்க வந்தவன். அதற்கப்புறம் எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கும் மாடு இருந்தது. தோட்டம் கைமாறியபோது மாட்டை வித்துட்டுக் கிளம்பச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் தீபாவளிக்கு அரிசி மூட்டையோடு சிலர் வந்தார்கள். அம்மா கையில் மூட்டையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ‘வீடு கிடைச்சுதா?’ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேமராவின் அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. தாமான் நெகாராவில் பாத்தேக் மக்கள் ஊதுகுழல் ஊதிக் காட்டுவதைப் பலர் படம் எடுத்திருக்கிறோம். 2019-இல் கிளந்தான், கோலா கோ கிராமத்தில் அதே பாத்தேக் மக்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பரவியது தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. தடுப்பூசி உள்ள நோய். படம் எடுத்த நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படித்தோம்?

நம் சமயத்தில் இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார். கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகைக்குப் புறப்பட்ட சித்தர் ஒருவரைப் பற்றிப் பெரிய புராணம் சொல்கிறது. வழியில் சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்து கிடக்கிறார். பசுக்கள் அவரைச் சுற்றிச் சுற்றிக் கதறுகின்றன. அந்தச் சித்தர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போகவில்லை. மூலன் உடலில் புகுந்து எழுந்து, பசுக்களை மேய்த்து வீட்டுக்கு ஓட்டிப் போனார். அவர்தான் நமக்குத் திருமந்திரம் தந்த திருமூலர். அவரைப் போல நம்மால் கூடுவிட்டுக் கூடு பாய முடியாது. ஆனால் பசுவின் துயரத்துக்காகத் தன் பயணத்தையே நிறுத்திய அந்த மனசு நமக்கும் வரலாமே.

“நாம போகலைன்னா அவங்களுக்கு வருமானம் ஏது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காசு அவர்களுக்கு வேண்டியது. வாங்குவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அதேபோல, பிள்ளையைப் படிக்க வைத்து மேய்ச்சலை விட்டுவிடுவதும் அவர்கள் உரிமை. மன்னார்குடிப் பெரியவரின் மகன் கல்லூரியில் படிக்கிறார். “இந்த நடை என்னோட போவட்டும் தம்பி” என்றார் அவர். ஐயோ, பாரம்பரியம் அழியுதே என்று வருத்தப்பட எனக்கு வாய் வரவில்லை. நாம் போய்ப் பார்ப்பதற்காக அவர்கள் கடைசி வரை நடந்துகொண்டே இருக்க வேண்டுமா என்ன?

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாட்டு மன்றம் அறிவித்திருக்கிறது. இனி இத்தகைய பயணங்கள் கூடலாம். போகிற தம்பி தங்கைகளே, நாம் வருவதற்காக அவர்களுடைய மந்தை வழி மாறுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். மாறினால் போக வேண்டாம். மாறாவிட்டால் தாராளமாகப் போங்கள். போன இடத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு குட்டியைக் கையில் கொடுத்தால், கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்குங்கள்.