நடந்து வருவோன் பங்கு

வண்டி வருகிறது, புகை காணோம்! விரைந்து ஓடுகிறது, இரைச்சல் இல்லை! எண்ணெயைக் குடித்து நஞ்சைக் கக்கி வந்த எந்திரத்தின் இடத்திலே, மின்னாற்றலால் இயங்கும் வண்டி வந்துவிட்டது. அறிவியல் ஈன்ற இந்தச் செல்வத்தை வரவேற்காதார் யார்? தமிழ்நாட்டரசு 2019-லும், மீண்டும் 2023-லும் மின்வண்டிக் கொள்கை வகுத்து வெளியிட்டது. பச்சை நிற எண்பலகை தாங்கிய வண்டிகள் சாலைகளிலே நாளும் பெருகுகின்றன. பெருகட்டும்! நாமும் கைகொட்டி வரவேற்போம்.

வண்டி ஓடினால் அதற்கு உணவு வேண்டும். உணவூட்ட இடம் வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? நெரிசல் மிகுந்த நகரிலே, தேடும் கண்கள் சென்று தங்குமிடம் பூங்காவாக இருக்கிறது. அங்கே நிழல் உண்டு. வருவோர் ஓரிரு மணி நேரம் தங்குவதுமுண்டு. நிலமோ பொது நிலம், விலை கொடுக்க வேண்டுவதில்லை! ஆகவே பூங்காவுக்குள்ளேயே மின்னேற்றும் நிலையம் அமைத்திடலாம் என்கின்றனர். அமைக்கலாமா, கூடாதா? அமைப்பதாயின் எவ்வண்ணம்? இது பொறியாளர் மட்டும் போட்டு முடிக்கும் கணக்கன்று, தோழர்களே! அறத்தின் கணக்கும் இதிலே இருக்கிறது.

பூங்கா எவருடையது? மாளிகை கட்டியோனுக்கு மாளிகையைச் சுற்றித் தோட்டம் உண்டு. ஒற்றை அறையிலே ஒண்டிக் கிடக்கும் குடும்பத்துக்கு? அந்த வீட்டுக் குழந்தை ஓடி ஆட, அந்த வீட்டு மூதாட்டி காலாற நடக்க, வேலை தேடி அலைந்த இளைஞன் வியர்வை உலர அமர, நகரம் விட்டுவைத்திருக்கும் ஒரே தோட்டம் பொதுப் பூங்காதான். அதனை மண்பரப்பென்று எண்ணி அளந்திடலாகாது. உடைமையற்றோரின் உடைமை அது.

அந்த உடைமை எவ்வாறு பறிபோகும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். சென்னையிலே, சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து, மக்கள் பூங்கா என்றொரு பெரும்பூங்கா இருந்தது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனின் முயற்சியால் உருவான அது, 116 ஏக்கர் பரப்பிலே விரிந்து கிடந்தது. அதன் ஒரு பகுதியிலே விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை நிமிர்ந்தது. பின்னர் விளையாட்டரங்கமும் வந்தது. மண்டபம் தீயதா? அங்காடி தீயதா? மாநகராட்சிக்கு மாளிகை வேண்டாமா? வேண்டும், வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் விடை வந்தது. ஒவ்வொன்றும் நன்று; ஒவ்வொன்றும் பொதுநலம். எனினும், எல்லாப் பொதுநலமும் கூடி நின்று பார்த்தபோது, பூங்கா பெரும்பாலும் மறைந்து போயிருந்தது! கொடியவன் எவனும் வந்து கொள்ளையிடவில்லை; நல்ல காரணங்களே நறுக்கி நறுக்கித் தின்று தீர்த்தன.

இந்த ஆபத்தைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காத்திடவென்றே நமது மாநிலத்தில் 1959-ல் சட்டம் பிறந்தது. பெங்களூரிலே பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தபோது, அது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் தீர்க்கும் மருத்துவமனைக்கே பூங்காவை விழுங்க உரிமை இல்லையெனில், வண்டிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அவ்வுரிமை?

“இது பசுமை வண்டியாயிற்றே!” என்பர். சொல்லைக் கேட்டுச் சொக்கி நிற்பது பகுத்தறிவாளர் பண்பன்று. கேள்வியை அடக்கப் பயன்படும் எந்தச் சொல்லும் மந்திரமாகிவிடுகிறது. ‘பசுமை’ என்ற சொல்லும் அதற்கு விலக்கல்ல. நாம் பெறும் மின்சாரத்திலே பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே பிறக்கிறது. நகரச் சாலையிலே காணாமற் போகும் புகையில் ஒரு பகுதி, எண்ணூரின் வானிலே எழுகிறது; அதன் சாம்பல் அங்குள்ள கழிமுகத்திலே படிகிறது. எண்ணெய் வண்டியினும் மின்வண்டி மேலானது; ஐயமில்லை. ஆனால் அதனினும் மேலான பயணி ஒருவன் இருக்கிறான்: பூங்காவுக்கு நடந்து வருபவன்! அவன் எண்ணெயும் எரிக்கவில்லை, மின்சாரமும் செலவிடவில்லை. நேற்றைவிடக் குறைவாக மாசு செய்பவனுக்குப் பரிசளிக்க, என்றுமே மாசு செய்யாதவனின் இருக்கையைப் பறிப்பதா? நீதியின் எந்தத் தராசு அதனை ஏற்கும்?

அப்படியானால் மின்னேற்றும் நிலையமே கூடாதென்கிறோமா? இல்லை. காற்று எல்லோருக்கும் பொது. அதைத் தூய்மையாக்கும் முயற்சியும் பொதுக் கடமை. நிலையம் வரட்டும், நடந்து வருவோன் பங்கைக் குறைக்காமல், அதனைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அதற்கு வழி உண்டா? உண்டு.

முதலாவது, இடம். வாயிலருகே, வண்டிகள் இன்றைக்கே நிற்கும் திடலோடு நிலையம் நிற்கவேண்டும். புல்தரையில் ஓரடியும் கல்தரையாகலாகாது. கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டுவோர் மரத்தின் வேரை அறுத்திடலாகாது. வேரறுந்த மரம் புயலுக்கு நில்லாது. 2016-ல் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்த சென்னை, மேலும் இழக்கலாமா?

இரண்டாவது, அளவு. வண்டி நிற்கும் ஓரிடத்தின் மீது கூரையிட்டால் ஏறத்தாழ 12 சதுர மீட்டர் கிடைக்கும். அதிலே கதிரொளித் தகடு பரப்பினால் நாளொன்றுக்கு 8 யூனிட் அளவு மின்சாரம் பெறலாம். 60 கிலோவாட் விரைவுக் கருவி அதனை 8 நிமிடத்தில் குடித்துவிடும்! பின்னர் பெரும் மின்மாற்றியும் குளிர்விசிறியின் இரைச்சலும் பூங்காவின் அமைதியைக் கெடுக்கும். பூங்காவுக்கு வருபவனுக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு? 3.3 கிலோவாட் எளிய கருவி போதும். இரண்டு மணி நேரத்தில் மகிழுந்து 40 கிலோமீட்டர் ஓடுமளவு பெற்றுவிடும். உடையவனும் இரண்டு மணி நேரம் நடந்து நலம் பெறுவான்.

மூன்றாவது, முன்னுரிமை. ஒரு யூனிட் மின்சாரத்தில் மகிழுந்து 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். இருசக்கர வண்டியோ 30 கிலோமீட்டர் வரை ஓடும். ஆகவே, உணவுப் பொட்டலம் சுமந்து தெருத்தெருவாக ஓடும் உழைப்பாளியின் வண்டிக்கும், ஆட்டோவுக்கும் முதலிடம் தருவதே அறம், சிக்கனமும் அதுவே.

நான்காவது, கைம்மாறு. அந்தக் கூரையின் நிழலிலே, வண்டி இல்லாதவனும் அமர நீண்ட இருக்கை வேண்டும். காசு கேட்காத குடிநீர் வேண்டும். தூய கழிப்பறை வேண்டும். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் பாதை வேண்டும். நிலையத்தின் வருவாய் அந்தப் பூங்காவின் பராமரிப்புக்கே செல்லவேண்டும். வாயிலிலே சுண்டல் விற்கும் மூதாட்டியை ‘அழகுக்கு இடையூறு’ என்று விரட்டுதல் கூடாது.

“இத்தனை கட்டளை விதித்தால் எவர் முன்வருவார்?” என்று கேட்போர் உண்டு. பொது நிலத்தை இலவசமாகப் பெறுபவர், பொதுமக்களுக்கு ஒரு நிழலும் ஒரு குவளை நீரும் தருவது பெருஞ்சுமையா? அதையும் தர இயலாதெனில், அவர் தேடுவது பூங்காவை அல்ல, விலையில்லா மனையை!

இளந்தோழர்களே! உங்கள் ஊர்ப் பூங்காவிலே இத்தகைய நிலையம் எழப்போகிறதென்றால் எதிர்ப்பு முழக்கமும் வேண்டாம், பாராட்டு மாலையும் வேண்டாம். அளவுநாடாவோடு செல்லுங்கள். எத்தனை மரம், எத்தனை இருக்கை, எவ்வளவு புல்தரை என்று முன்னமே குறித்து வையுங்கள். கட்டி முடித்தபின் மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். வண்டியிலே வருபவனுக்காகப் பேச அமைப்பு உண்டு, வணிகம் உண்டு. நடந்து வருபவனுக்காகப் பேச நாம்தான் உண்டு.