விருந்தும் விரதமும் உடல் வலிமையும்

அழியப்போகும் உடம்பை வளர்ப்பது அறமா, ஆணவமா என்ற கேள்வி தமிழ்ச் சமய மரபில் மிகப் பழையது. பண்டிகைக் காலத்தில் அது கூர்மையாகிறது. ஐப்பசியில் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, தையில் பொங்கல். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த மாதங்கள் இழுபறியான மாதங்கள். பயிற்சிக்கூடத்தில் புரதக் கணக்கு, வீட்டில் பலகாரத் தட்டு. அதிரசத்தை வேண்டாம் என்றால் பெரியவர்களுக்கு மனத்தாங்கல், வாங்கித் தின்றால் தனக்குள்ளேயே ஒரு குற்ற உணர்வு. மறுநாள் காலை அந்தக் குற்றத்தைக் கழிக்க இரண்டு மடங்கு பயிற்சி. இந்தக் குற்ற உணர்வுக்குச் சமயத்தில் இடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

உடம்பை இழித்துப் பேசும் குரல் தமிழில் வலுவாகவே ஒலித்திருக்கிறது. சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியார் யாக்கை நிலையாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தது. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்கள் இந்த உடம்பு நெருப்புக்கும் நரிக்கும் இரையாகும் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. இவற்றைப் படிக்கிறவருக்கு உடற்பயிற்சி வீண்வேலை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தப் பாடல்கள் தாக்குவது உடம்பின் மீதான மயக்கத்தைத்தான். உடம்பைப் பட்டினி போட்டுச் சிதைக்கச் சொல்வது அவற்றின் நோக்கம் அன்று. உணவைத் துறந்து உயிர்விடும் சமணச் சல்லேகனையும்கூட, அறத்தைக் கடைப்பிடிக்க உடம்பு இனி உதவாது என்ற கடைசி நிலையில் ஏற்கும் நோன்பு. அதுவரை உடம்பைக் காத்து நடத்துவதே முறை.

மறுபுறத்துக் குரல் திருமூலருடையது. பத்தாம் திருமுறையான திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் தம் கருத்து மாறியதையே பாடுகிறார். முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் சொல்கிறார். உடம்பு அழிந்தால் உயிரும் உறுதியான ஞானத்தை எட்ட முடியாது என்பது அவர் காட்டும் காரணம். திருக்குறளிலோ இரண்டு குரல்களும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன. நிலையாமை அதிகாரம், முட்டைக் கூட்டை விட்டுப் பறவை பறந்துபோவதுபோல உயிர் உடலை விட்டுப் போகும் என்கிறது. 95ஆம் அதிகாரமான மருந்து, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, பசித்தபின் அளவோடு உண்ணச் சொல்கிறது. வள்ளுவருக்கு இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. நிலையில்லாத பொருள் என்பதாலேயே அதைக் கவனத்துடன் கையாள வேண்டியிருக்கிறது.

உடம்பை வதைப்பதே புண்ணியம் என்ற எண்ணத்தைப் பெரிய சமயங்கள் வெளிப்படையாக மறுத்திருக்கின்றன. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. பதினேழாம் அத்தியாயம் இன்னும் கடுமையானது. சாஸ்திரம் விதிக்காத கோரத் தவத்தால் உடம்பை வருத்துகிறவர்கள் உள்ளிருக்கும் இறைவனையும் சேர்த்தே வருத்துகிறார்கள், அது அசுர புத்தி என்று தீர்த்துச் சொல்கிறது. புத்தர் ஆறாண்டு கடுந்தவத்தில் எலும்பும் தோலுமாகி, அந்த வழி பயனற்றது என்று கண்டு, சுஜாதை என்ற பெண் கொடுத்த பாற்சோற்றை உண்டார். ஞானம் பெற்றது அதற்குப் பிறகுதான். நாள்தோறும் நோன்பிருந்து இரவெல்லாம் தொழுதுவந்த ஒரு தோழரிடம், உன் உடம்புக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் சொன்னதை ஹதீஸ் பதிவு செய்திருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், பலகாரம் தின்ற மறுநாள் தண்டனைபோலச் செய்யும் பயிற்சி உடல்நல விஷயமாக மட்டும் நிற்பதில்லை. அது பிழையான சமய உணர்வும்கூட. உணவு பாவமாகவும், வியர்வை பிராயச்சித்தமாகவும், எடைக் கருவி தீர்ப்பு வழங்கும் இடமாகவும் ஆகிவிடுகின்றன. கோயிலில் கை நீட்டி வாங்கும் சர்க்கரைப் பொங்கலை இத்தனை கலோரி என்று மட்டும் பார்க்கிறவர், அதைக் கொடுத்த கையையும் உடன் உண்கிறவர்களையும் பார்க்கத் தவறுகிறார். பண்டிகை உணவு பகிர்வதற்காகச் சமைப்பது. அந்தப் பகிர்வில் பங்குபெற ஓர் அதிரசம் போதும், எட்டு வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கான ஆத்திசூடியிலேயே ஔவையார் அளவுக்கு மீறி உண்ண ஆசைப்படாதே என்று சொல்லிவைத்தார்.

மரபான நாட்காட்டி இந்த அளவைத் தண்டனை இல்லாமலே கற்றுக்கொடுக்கிறது. தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெறும் வயிற்றில் லேகியம் கிடைக்கும். இஞ்சி, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாம் அரைத்து வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. எண்ணெய்ப் பலகாரம் வரப்போகிறது என்று வயிற்றை முன்கூட்டியே தயார் செய்யும் ஏற்பாடு அது. அடுத்து சஷ்டியின் ஆறு நாள், அவரவர் சக்திக்கேற்ப ஒருவேளை உணவோ பாலும் பழமுமோ. ஏகாதசி உபவாசத்தை முடிக்கும் துவாதசிப் பாரணை இன்னும் நுட்பமானது. ஒரு பகலும் இரவும் காய்ந்த வயிற்றுக்கு முதலில் இலையில் விழுவன அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். வடையும் பாயசமும் பாரணையின் அடையாளம் அல்ல. விரதத்தைத் தொடங்குவதைவிட முடிப்பதில் கவனம் வேண்டும் என்று அறிந்தவர்கள் வகுத்த முறை இது.

வலிமைக்கும் பண்டிகையில் இடம் இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் இளவட்டக்கல், பொங்கல் நாளில் இளைஞர்களை அழைக்கும். உருண்டையாக, வழுவழுப்பாக, பிடி ஏதும் இல்லாத கல் அது. குந்தி அமர்ந்து இரு கைகளையும் அடியில் கொடுத்து முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும், பிறகு நெஞ்சோடு அணைத்து நிமிர்ந்து தோளுக்கு உருட்டி, முதுகுப்பக்கமாகக் கீழே விட வேண்டும். தோள் வலு மட்டும் போதாது. இடுப்பும் மூச்சும் ஒத்துழைக்காவிட்டால் கல் நெஞ்சைத் தாண்டாது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இந்தப் போட்டி நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே வலிமை ஊரார் கண்முன் ஊருக்குச் சொந்தமானதாக வெளிப்படுகிறது. கண்ணாடி முன் தனியே நின்று அளக்கும் வலிமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. திருமூலர் பேணிய உடம்பு இறைவன் குடியிருப்பது, பட்டினத்தார் பழித்த உடம்பு தன்னையே வியந்துகொள்வது. பயிற்சி செய்கிறவர் எந்த உடம்பை வளர்க்கிறார் என்பதில்தான் அறமும் ஆணவமும் பிரிகின்றன.

விவேகானந்தர் 1897இல் சென்னையில் ஆற்றிய உரையில், இளைஞர்கள் முதலில் வலிமை பெறட்டும், சமயம் பின்னால் வரும் என்றார். கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்தாட்டம் அவர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுசெல்லும் என்றும் சொன்னார். தசை வலுத்தால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் வாதம். பாரதியாரும் தம் புதிய ஆத்திசூடியில் உடலை உறுதியாக்கிக்கொள்ளச் சொன்னார். அடிமை நாட்டில் பிறந்த இந்தக் குரல்களில் அஞ்சாமைக்கான பசி தெரிகிறது.

பண்டிகையால் பயிற்சி வீணாகும் என்று நடைமுறையில் அச்சப்பட அதிகம் இல்லை. மாதக்கணக்கில் பழகிய தசை, பண்டிகைக்காக ஒரு வாரம் பயிற்சி நின்றால் கரைந்துவிடாது. வாரத்துக்கு ஓரிரு முறை தண்டாலும் பஸ்கியும் எடுத்தாலே பெருமளவு காத்துக்கொள்ளலாம். விரத நாளில் கனமான எடையை விட்டு நடைப்பயிற்சியோடு நிறுத்துவது நல்லது, தண்ணீரும் அருந்தாத நோன்பில் எடை தூக்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் ஏற்கக் கூடாது. ரமலான் நோன்பில் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு அளிக்கிறது திருக்குர்ஆன். யூத சமயமும் உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூர் நோன்பை விடச் சொல்கிறது. முதியவர், கர்ப்பிணி, நோயாளி ஆகியோர் முழுப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பது நம் வீடுகளிலும் வழக்கம். அவர்கள் பாலும் பழமும் உண்டு இருந்தாலும் அது விரதம்தான்.