பழம் நூல்களும் நமது தீர்ப்பும்

முன்னாளில் கற்க விழைந்தோர் ஆசிரியரை நாடி ஊர் விட்டு ஊர் சென்றனர். இன்றோ ஆசிரியரின் விரிவுரை நம் இல்லத்துக் கூடத்திற்கே வந்து சேர்கின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், தன் பாடங்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பயிலலாம் என 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் பண்டைக் கிரேக்க வீரர்களைப் பற்றிய இலக்கியப் பாடத்தை 2013ஆம் ஆண்டில் இணையவழியே உலகினர்க்குத் திறந்து வைத்தது. உலகின் தொன்மை இலக்கியங்களை இவ்வழியில் கற்பிக்கும் கல்லூரிகள் இன்று பல உள்ளன. பகலெல்லாம் பணிபுரிந்தோரும், இல்லறக் கடமைகளில் உள்ளோரும், ஓய்வு பெற்ற முதியோரும் இரவில் அமர்ந்து கற்கின்றனர். இது போற்றத்தக்கதே.

எனினும், இக்கல்வியில் புகும் நம்மவர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. இத்தொன்னூல்களுள் பல, போரையும் கொலையையும் பாடுவன. மெசபொத்தேமியாவின் கில்காமேஷ் காப்பியத் தலைவன், காட்டின் காவலனைக் கொன்று புகழ் தேடுகின்றான். ஹோமரின் இலியட், ஒரு வீரனின் சினத்தைக் கூறியே தொடங்குகின்றது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் இவற்றைக் கற்கலாமா? கற்பின், எத்தகைய உள்ளத்தோடு கற்க வேண்டும்?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. "கொலையைப் புகழும் நூல் நமக்கு வேண்டா" என்பர் ஒரு சாரார். "அஃது அக்கால வழக்கம், அதற்கு நம் அறத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது" என்பர் மற்றொரு சாரார். ஒன்று வெறுப்பாகவும் மற்றொன்று பெருந்தன்மையாகவும் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. அப்பழையோர்க்கு அறத்தைப் பற்றிய கலக்கமே இருந்ததில்லை என இருசாராரும் முன்னரே முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவு சரிதானா என்பதை ஆராய்வோம்.

கில்காமேஷ் காப்பியம் களிமண் பலகைகளில் பொறிக்கப்பட்டது. அதன் பலகைகள் பல, நினிவே நகரில் அசுர்பனிபால் மன்னன் தொகுத்த நூலகத்தில் இருந்தன. கி.மு. 612இல் அந்நகர் வீழ்ந்தபோது அவை மண்ணுள் புதைந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு வெள்ளப் பெருக்கின் கதை இருப்பதை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் இலண்டனில் வெளிப்படுத்தினார். ஆயினும், உடைந்த பலகைகளில் விடுபட்ட பகுதிகள் மிகப் பல. காப்பியம் இன்றளவும் முழுமையாகக் கிடைத்திலது.

காட்டின் காவலனாகிய ஹும்பாபா உயிர்ப்பிச்சை கேட்கின்றான். அவனைக் கொல்லுமாறு கில்காமேஷைத் தூண்டுபவன் அவன் தோழன் என்கிடு. பின்னர் தேவதாருக் காடு வெட்டி வீழ்த்தப்படுகின்றது. இதனை ஒரு வெற்றிக் கதையாகவே பலர் படித்து வந்தனர். ஈராக்கின் சுலைமானியா நகர அருங்காட்சியகம் 2011ஆம் ஆண்டில் விலை கொடுத்துப் பெற்ற பலகைகளுள், இக்காப்பியத்தின் ஐந்தாம் பலகையின் ஒரு பகுதியும் இருந்தது. பாரூக் அல்-ராவி, ஆண்ட்ரூ ஜார்ஜ் ஆகிய அறிஞர்கள் அதனை ஆய்ந்து 2014இல் வெளியிட்டனர். புதிதாகக் கிடைத்தவை ஏறத்தாழ 20 வரிகளே. அவற்றில் பறவைகளும் சில்வண்டுகளும் குரங்குகளும் ஒலித்து நிறைந்த காடு காட்டப்படுகின்றது. கொல்லத் தூண்டிய அதே என்கிடு, காட்டைப் பாழ்நிலமாக்கிவிட்டோமே, தெய்வமாகிய என்லிலுக்கு என்ன விடை கூறுவோம் என்று கலங்குகின்றான்.

எண்ணிப் பாருங்கள். அக்கலக்கம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. நமக்குக் கேட்காத காரணத்தால் அஃது இல்லை என்று கருதிவிட்டோம்.

இலியட்டின் நிலை வேறு. அது முழுமையாகவே கிடைத்துள்ளது. 24 பகுதிகளும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட நூல் அது. அதன் முதற்பகுதியை மட்டும் படித்தோர்க்கு அக்கிலீஸ் சினமே உருவானவன். இறுதிப் பகுதியிலோ, தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முதியவனாகிய பிரையாம் மன்னன் முத்தமிட்டு, மகனின் உடலை வேண்டுகின்றான். அக்கிலீஸ் தன் தந்தையை நினைக்கின்றான். பகைவர் இருவரும் சேர்ந்தழுகின்றனர். காப்பியம் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நிறைவுறுகின்றது. ட்ராய் நகரின் வீழ்ச்சியை அது பாடவில்லை. சினத்தில் தொடங்கிய நூல் எங்குச் சென்று சேர்கின்றது என்பதை இறுதிவரை சென்றவரே அறிவர்.

இங்கேதான் இணையவழிக் கல்வி பயில்வோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். இப்பாடங்கள் பெரும்பாலும் வாரக் கணக்கில் வகுக்கப்படுகின்றன. ஒரு பெருங்காப்பியத்திற்குச் சில நாட்களே கிடைக்கும். அதனினும் தேர்ந்தெடுத்த பகுதிகளே தரப்படும். குறித்த நாளுக்குள் தம் கருத்தை எழுதி அனுப்புவோர்க்கே மதிப்பெண். எழுதியோரின் முகத்தை மற்றவர் காண்பதில்லை. ஐயுற்ற இடத்தில் உடனிருந்து தடுத்துக் கேட்பாரும் இல்லை. நூலைக் கேட்டு முடிக்குமுன் நூலாசிரியனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பழக்கம் இதனால் எளிதில் படிந்துவிடும். மறைந்துபோன புலவன் எழுந்து வந்து மறுமொழி கூறப் போவதில்லை. மறுமொழி கூற இயலாதவர் மீது விரைந்து தீர்ப்புரைத்தலும் ஒருவகைத் தீங்கன்றோ? இப்பழக்கம் நூல்களோடு நிற்பதும் இல்லை. அண்டை வீட்டாரையும் உறவினரையும் பற்றிப் பாதி கேட்டுப் பழி கூறும் நாவையும் அதுவே வளர்க்கின்றது.

"அவ்வாறாயின் தீர்ப்பே கூறலாகாதா? நூல் முழுமையாகக் கிடைக்கும்வரை கொலையைக் கொலை என்று சொல்லாது இருப்பதா?" என வினவலாம். அன்று. ஹும்பாபாவைக் கொன்றது தீதே. என்கிடுவின் கலக்கம் வெட்டுண்ட காட்டை மீட்டுத் தரவில்லை. அக்கிலீஸின் கண்ணீர் ஹெக்டரை எழுப்பவில்லை. செயலின் தீமையை உரைப்பதில் நாம் தயங்க வேண்டுவதில்லை. ஆனால், அத்தீமையை முதலிற் கண்டவர் நாமே என்று எண்ணுவது செருக்கு. செயலைக் கண்டிப்பது ஒன்று. செய்தவனின் உள்ளத்தையும் அதைப் பாடியவனின் உள்ளத்தையும் முற்றும் அறிந்துவிட்டதாகக் கூறுவது வேறொன்று. பல கோணங்களில் நோக்கியே பொருளின் உண்மையைக் காண வேண்டும் எனப் போற்றும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

ஆதலின், இவ்விலக்கியங்களை நம் இளைஞர்கள் அஞ்சாது கற்கட்டும். தரப்பட்ட பகுதிகளோடு நில்லாது, நூல் முழுவதையும் ஒருமுறையேனும் படிக்கட்டும். மதிப்பெண்ணுக்காக எழுதும் கருத்தில், தாம் படித்தது எவ்வளவு என்பதையும் ஒரு வரியில் குறிக்கட்டும். சொன்ன தீர்ப்பைப் புதிய சான்று கிடைக்கும்போது மாற்றிக்கொள்ள நாணாதிருக்கட்டும். இருபது வரிகள் ஒரு காப்பியத்தின் முகத்தையே மாற்றின எனில், நாம் இன்னும் கேளாத இருபது வரிகள் ஒவ்வொரு மனிதரிடத்தும் இருக்கும் என்பதை நினைவிற் கொள்வோமாக.