கொல்லாமல் கொள்ளும் மருந்து

தவளை தன்னைக் காத்துக்கொள்ளத் தோலில் நஞ்சைச் சுரக்கிறது. அதனை மனிதர் தம் பிணிக்கு மருந்தாகக் கொள்வது அறமாகுமா?

அமெரிக்க வேதியியலார் ஜான் டேலி, ஈக்வடார் நாட்டுத் தவளைகள் 750-இன் தோல்களிலிருந்து எபிபாட்டிடின் என்னும் வலிநீக்கியைப் பிரித்தெடுத்தார். அதன் வேதியமைப்பு 1992-இல் வெளியாயிற்று. நச்சுத்தன்மை மிகுதியால் அது மருந்தாகவில்லை. மாண்ட உயிர்களோ மீளவில்லை.

தோல் பதனிடும் வாணியம்பாடியில் வாழும் நமக்குத் தோல் என்றதும் கொலையே நினைவில் எழும். கேரளத்தார் வேறு வழி கண்டனர். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தார், மென்மையான மின்தூண்டலால் தவளையின் சுரப்பைச் சேகரித்து, அவற்றை வாழிடத்திலேயே விட்டனர். அதில் கிடைத்த 'உருமின்' என்னும் புரதக்கூறு ஒருவகை ஃபுளூ வைரஸை அழிப்பதாக, அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தாருடன் 2017-இல் அறிவித்தனர். இனி அதனை ஆய்வகத்திலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

எனினும் அறம் இங்கே நிறைவுறவில்லை. எலிகளுக்கு நோயைத் தொற்றுவித்தே அதனைச் சோதித்தனர். எலியும் ஐம்பொறி உயிரன்றோ! கொல்லாமை முதற்படி, இன்னா செய்யாமை அடுத்த படி. பிணியுற்ற குழந்தைக்கு மருந்தை மறுப்பதும் கருணையன்று. ஆகவே மருந்தை ஏற்போம். அது எவ்வுயிரின் துன்பத்தில் விளைந்தது என வினவவும் தவறாதிருப்போம். வினவுவோர் பெருகினால்தான் ஆய்வாளரும் துன்பம் குறைந்த வழியை நாடுவர்.